வீட்டுக்கு வீடு ஒரு குழி

மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள் பெரியோர். நம் திருப்பெரும்புதூர் வட்டாரத்தைப் பொறுத்தவரை வீட்டுக்கு வீடு ஒரு குழியும் உண்டு. சிமெண்டுப் பலகை போட்டு மூடிய அந்தக் குழியின் மேல்தான் மார்கழியில் கோலம் போடுகிறோம், வண்டியை நிறுத்துகிறோம், மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறோம். அதற்குச் செப்டிக் டேங்க் என்று பெயர். கழிவுநீர்த் தொட்டி என்று நல்ல தமிழில் எழுதலாமே என்றால், "எழுது, படித்தவர்கள் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துக் கொள்வார்கள்" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பெயர் எதுவாயினும் ஆகட்டும். இந்தத் தொட்டிகளைக் கைவிட்டு, நம் வீடுகள் பாதாளச் சாக்கடையோடு சேர வேண்டும் என்பதும், அப்படிச் சேருவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்பதுமே நான் சொல்ல வந்த கருத்து. ஆண்டு மலரில் எழுத இதுவா பொருள் என்று மூக்கைப் பொத்திக்கொள்வோர் சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். கவிதைக்கும் காதலுக்கும் இம்மலரில் வேறு பக்கங்கள் இருக்கின்றன.

இராமானுசர் பிறந்த ஊர் என்று ஒரு காலத்தில் அறியப்பட்ட நம் ஊர், இன்று உலகத்து வரைபடத்தில் வேறு காரணத்துக்காக இடம் பெற்றிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகின்றன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. டெய்ம்லர் லாரிகள், என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள், கண்ணாடி, கைப்பேசி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோக்கியா 2006இல் வந்தது, 2014இல் மூடிக்கொண்டும் போனது. அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் அது வேறு கட்டுரைக்கு உரியது. ஏர் உழுத நிலத்தில் நான்கு வழி, ஆறு வழிச் சாலைகள் வந்தன. உயரழுத்த மின்கம்பிகள் வந்தன. ஆலைக்குள் நுழைந்தால் கழிவுநீருக்குச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அது இல்லாமல் பெரிய ஆலை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவு தராது. ஆனால், அந்த ஆலையின் மதிற்சுவரைத் தாண்டி, அதில் வேலை பார்ப்பவர் குடியிருக்கும் தெருவுக்கு வந்தால் என்ன இருக்கிறது? நம் ஊராட்சிகளில் வீட்டுக்கு வீடு தொட்டி. தொட்டி நிறைந்தால் லாரி. லாரி வரத் தாமதமானால் திறந்த கால்வாய். இவ்வளவுதான் ஏற்பாடு.

2019ஆம் ஆண்டில் நடந்த இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள், திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு வீட்டின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். வீட்டுக்கு உரியவரும் அவருடைய இரண்டு மகன்களும் அந்த அறுவரில் அடக்கம். விழுந்தவரைத் தூக்க ஒருவர், அவரைத் தூக்க மற்றொருவர் என்று ஒரே குழி ஆறு உயிர்களை வாங்கியது. நாடெங்கும் செய்தித்தாள்களில் வந்தது. சில நாள் பேசினோம். பிறகு தேர்தல் வந்தது, மறந்தோம்.

அதே 2019இல் சென்னைக் கோயம்பேட்டில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. மாநகர மக்களின் கழிவுநீரை மூன்று நிலைகளில் தூய்மை செய்து, கடைசியில் ஆர்.ஓ. முறையில் வடிகட்டி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நல்ல நீராக்கும் நிலையம் அது. அந்த நீர் யாருக்கு? இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய சிப்காட் வளாகங்களின் ஆலைகளுக்கு! பூவிருந்தவல்லியைத் தாண்டி, நம் ஊர் வழியே குழாய் பதித்துக் கொண்டுவந்தார்கள். ஏரித் தண்ணீரையும் நிலத்தடி நீரையும் ஆலைகள் உறிஞ்சாமல் இருக்க இது மிக நல்ல திட்டம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் வியப்பெல்லாம் ஒன்றுதான். சென்னையில் யாரோ ஒருவர் வீட்டுக் கழிவுநீர் குழாய் வழியே பயணம் செய்து, பளிங்குபோலத் தூய்மையாகி, ஒரகடத்து ஆலைக்குள் நுழைகிறது. அந்த ஆலையில் வேலை செய்கிறவரின் கழிவுநீரோ அவர் படுத்துறங்கும் அறைக்குப் பத்தடி தள்ளி ஒரு குழியில் தேங்கிக் கிடக்கிறது. குழாய் பதிக்க நமக்குத் தெரியாதா? தெரியும். பணம் இல்லையா? இருந்தது. பின் என்ன இல்லை?

இனி அந்தக் குழிக்குள் நடப்பதைச் சொல்கிறேன்; அதை அறியாததால்தான் பலர் அதில் இறங்குகிறார்கள். 1895இல் இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரத்தில் டொனால்டு கேமரன் என்ற பொறியாளர் இந்தத் தொட்டிக்குச் செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். அழுகச் செய்வது என்று பொருள். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது! காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவை அழுகச் செய்யும். மேலே ஆடை படரும். அடியில் சேறு படியும். நடுவில் நிற்கும் கலங்கல் நீர் குழாய் வழியே உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். அழுகும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலிய வாயுக்கள் உண்டாகும். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். மிகுந்துவிட்டால் முதலில் மூக்கின் மோப்ப ஆற்றலையே அது செயலிழக்கச் செய்துவிடும். ஆகவே, "நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம்" என்று எண்ணுகிற அந்த நொடியே ஆபத்தான நொடி. இரண்டொரு மூச்சில் நினைவு தப்பிவிடும். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது. மேலே நிற்பவர் கண்ணுக்கு அவர் வழுக்கி விழுந்ததுபோலத்தான் தெரியும். அதனால்தான் அவரும் இறங்குகிறார். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் அதைவிடப் பேதைமை. மீத்தேன் பற்றிக்கொள்ளும்.

நெமிலியோடு இது முடிந்துவிடவும் இல்லை. 2022 அக்டோபரில் திருப்பெரும்புதூரிலேயே ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் மாண்டார்கள். மனிதரை இத்தகைய குழிக்குள் பாதுகாப்பின்றி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டம். ஊராட்சியோ ஒப்பந்தக்காரரோ மட்டும் அல்லர், வேலைக்கு அமர்த்தும் வீட்டுக்காரரும் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே என்பது பலருக்குத் தெரியாது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. உயிருக்கு விலை உயர்ந்திருக்கிறது. குழிகளின் எண்ணிக்கை குறைந்தபாடில்லை. கூலிக்கு இறங்குகிறவர் எந்தத் தெருவிலிருந்து அழைத்துவரப்படுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் எல்லாருக்கும் அந்தத் தெருவுக்கு வழி தெரியும்.

"தம்பி, என் வீட்டுக் குழி, என் வீட்டு மண். ஊருக்கு என்ன வந்தது?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே மனை பிரித்து விற்பவர்கள் பெரும்பாலும் அரை கிரவுண்டாக விற்கிறார்கள். அரை கிரவுண்டு என்றால் 1,200 சதுர அடி. 30 அடிக்கு 40 அடி. உறிஞ்சு குழிக்கும் குடிநீர் எடுக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அறுபது அடியாவது இடைவெளி வேண்டும் என்பது பொறியாளர் கூறும் அளவு. முப்பதுக்கு நாற்பது மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே ஐம்பது அடிதான் வருகிறது! ஈசான மூலையில் ஆழ்துளைக் கிணறும், அதற்கு நேர் எதிர் மூலையில் தொட்டியும் போட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பக்கத்து மனைக்காரரும் வாத்தியார் சொன்னபடி அதே ஈசான மூலையில் கிணறு போடுவார். அவர் கிணறு நம் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாஸ்து பார்த்தவர் இரண்டு வீட்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மண்ணுக்கு மதிற்சுவர் கிடையாது. மேலே நமக்கு எல்லைக்கல் உண்டு. கீழே எல்லாம் ஒரே நீர்.

இதிலும் முறையாகக் கட்டிய தொட்டிகளைப் பற்றித்தான் பேசுகிறேன். நம் பக்கத்தில் பலர் கட்டுவது தொட்டியே அன்று. நான்கைந்து சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியில் தளம் போடாமல், மேலே மூடி வைத்துவிடுகிறார்கள். "பத்து வருசமாச்சு, ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொல்பவரைக் கண்டால் நான் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. நிறையாத தொட்டி என்றால் என்ன பொருள்? உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது என்றுதானே பொருள்! திருப்பெரும்புதூர் ஏரியின் மிகுதி நீரும் பிள்ளைப்பாக்கத்து ஏரியின் மிகுதி நீரும் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்கின்றன. அந்தச் செம்பரம்பாக்கம் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான் அடையாறு உருவெடுக்கிறது. எங்கள் தெருப் பெரியவரின் குழிக்கும் ஊருக்கும் தொடர்பு இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது ஆள் கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கென்று கட்டிய வீடுகள் நம்மிடையே இருந்தன. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்கள் வந்த பணத்தில் வீட்டின் பின்னால் வரிசையாக அறைகள் கட்டினார்கள். தருமபுரி, விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்த இளைஞர்களும், பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்தவர்களும் அறைக்கு நான்கு பேர், ஐந்து பேர் எனத் தங்கினார்கள். அறைகள் பெருகின, தொட்டி மட்டும் பழைய தொட்டியே! ஆளுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஐந்நூறு லிட்டர். மூவாயிரம் லிட்டர்த் தொட்டியில் அது ஆறு நாள் தங்கும். கசடு படிய நேரம் இருக்கும். இருபத்தைந்து பேர் ஆனால் நாளொன்றுக்கு 2,500 லிட்டர். ஒரு நாள் சற்றே கூடத் தங்கி, கசடோடு வெளியேறும். சேறு ஏற ஏற அந்த ஒரு நாளும் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய சேற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிவருகிறது. இரவுப் பணி முடிந்து காலையில் வந்து படுப்பவர்களின் அறைச் சன்னலுக்கு நேரே லாரிக் குழாய் நீட்டப்படுவதை ஒரகடம் பக்கம் போனால் யாரும் காணலாம்.

லாரி எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நடைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்ததும் நம் கடமை முடிந்தது. 2014இலேயே தமிழ்நாடு அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. எடுத்த கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் இத்தகைய மலக்கசடுக்கென்றே 2017இல் ஒரு நிலையம் அமைத்து நடத்திக் காட்டினார்கள். ஒரு சிறிய பேரூராட்சி செய்தது! ஆனால், நிலையம் தொலைவில் இருந்து, டீசல் விலையும் ஏறி, இரவும் இருட்டாக இருந்தால், எல்லா ஓட்டுநரும் அரிச்சந்திரனாக இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? ஏரிக்கரை பக்கத்தில் இருக்கிறது. மழைநீர்க் கால்வாய் இன்னும் பக்கத்தில் இருக்கிறது.

ஆகவேதான் பாதாளச் சாக்கடை வேண்டும் என்கிறேன். "அதெல்லாம் மாநகராட்சிக்குச் சரி, நமக்கு ஆகுமா?" என்பவர்களுக்கு ஆலந்தூரைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். இன்று சென்னையோடு சேர்ந்துவிட்ட ஆலந்தூர், 2011 வரை தனி நகராட்சி. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் நம்மைப் போலவே வீட்டுக்கு வீடு தொட்டிகள், தெருவெல்லாம் கொசு. அப்போது நகர்மன்றத் தலைவராக இருந்த ஆர். எஸ். பாரதியும் நகராட்சியும் பாதாளச் சாக்கடைத் திட்டம் ஒன்றைக் கையில் எடுத்தார்கள். ஏறத்தாழ 34 கோடி ரூபாய்ச் செலவு. அரசே முழுவதும் கொடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே முன்பணம் கேட்டார்கள். குழாய் ஒன்றுகூடக் கண்ணில் படாத காலத்தில், அன்றைய 5,000 ரூபாய்! குடியிருப்போர் நலச் சங்கங்களோடு கூட்டம் போட்டு, தெருத் தெருவாகப் போய் விளக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. 2000இல் வேலை தொடங்கி, 2003இல் பயன்பாட்டுக்கு வந்தது. கழிவுநீர் பெருங்குடிக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டது. தனியார் கூட்டு முயற்சியில் நடந்த இத்தகைய திட்டங்களுக்கு இந்தியாவிலேயே முன்னோடி என்று அதைப் பல நாட்டவரும் வந்து பார்த்துப் போனார்கள். தாம்பரத்தைத் தாண்டி வந்து பார்க்க நமக்குத்தான் நேரம் இல்லை.

ஆலந்தூரின் கதையில் எனக்குப் பிடித்தது கட்சியோ தலைவரோ அன்று, அந்த முன்பணம்தான். பணம் கட்டியவர் இணைப்புக் கேட்பார்; எப்போது வரும் என்று நச்சரிப்பார்; வேலை நின்றால் சண்டைக்கு வருவார். இலவசமாகத் தெருவில் குழாய் போட்டுவிட்டுப் போன ஊர்கள் பலவற்றில் என்ன நடக்கிறது? குழாய் தெருவில், தொட்டி வீட்டில். இரண்டுக்கும் நடுவில் பத்தடி தூரம் பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. இது வெறும் வீண்செலவோடு போவதில்லை. கழிவைக் கசடோடு இழுத்துச் செல்ல, சாக்கடைக் குழாயில் நொடிக்கு இரண்டடி வேகத்திலாவது நீர் ஓட வேண்டும். நூறு வீட்டுக்கென்று வகுத்த குழாயில் இருபது வீடுகள் மட்டும் சேர்ந்தால் நீர் மெல்ல ஊர்ந்து, கசடு படிந்து, குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால்? மறுபடியும் ஒரு மனிதரை ஆளிறங்கு குழியில் இறக்கச் சொல்லுவோம்! சேராமல் ஒதுங்கி நிற்கும் வீட்டுக்காரர் தம் உரிமையை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. சேர்ந்த இருபது வீட்டாரின் பணத்தையும் வீணாக்குகிறார். அதனால்தான் இது விருப்பத்துக்கு விடத்தக்க செய்தி அன்று என்கிறேன். மின்சாரம் வாங்காமல் இருப்பது அவர் விருப்பம். அரிக்கேன் விளக்கில் அவர் மட்டும் படிப்பார். இது அப்படிப்பட்டதில்லை.

வீட்டுக்காரர்களின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது, தெருவோ முன்புறத்தில். நாற்பதடி நீளத்துக்குக் குழாய் கொண்டுவர வேண்டும். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓரடியாவது வாட்டம் வேண்டும் என்கிறார் கொத்தனார். பக்கவாட்டில் சந்து இருந்தால் பிழைத்தோம். இல்லையேல் கூடத்துத் தரையை உடைக்க வேண்டும். சென்ற ஆண்டுதான் கடன் வாங்கி டைல்ஸ் போட்டவரிடம் போய் உடையுங்கள் என்றால் அவர் நம்மை உடைத்துவிடுவார். வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்து போயிருந்தால் இன்னும் தொல்லை. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதன் பலன் அது. முன்பணம், சாலை வெட்டுக் கட்டணம், கொத்தனார் கூலி, குழாய், சேம்பர் எல்லாம் சேர்த்தால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாத வருமானம் போய்விடும். இதைத் தவணையில் கட்ட வழி செய்யாமல் "உடனே சேர், இல்லையேல் தண்டம்" என்பது ஆட்சி ஆகாது. வீட்டு வரியோடு சேர்த்து ஐந்தாண்டுத் தவணை என்றால் எங்கள் தெருப் பெரியவரும் இசைந்துவிடுவார் என்றே நினைக்கிறேன்.

இணைத்த பிறகு பழைய தொட்டியை என்ன செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். "இருக்கட்டும், அடைப்பு வந்தால் உதவும்" என்று அப்படியே மூடி வைக்கிறார்கள். அது தவறு. கவனிப்பார் இல்லாத தொட்டியில் வாயு தேங்கும். பலகை இற்றுப்போய் ஒரு நாள் விளையாடும் குழந்தையின் காலடியில் உடையும். லாரியைக் கொண்டு முழுதும் உறிஞ்சியெடுத்து, சுண்ணாம்பு கொட்டி, யாரும் இறங்காமல் மேலிருந்தபடியே பலகையை உடைத்து, செங்கல் துண்டும் மணலும் போட்டு நிரப்பிவிட வேண்டும். கழுவிவிட்டுக் குடிநீர் சம்ப்பாக மாற்றிக்கொண்ட ஒரு மகானுபாவரைப் பற்றியும் கேள்விப்பட்டேன். அவரைப் பற்றி மேலும் எழுத எனக்குத் துணிவில்லை. மொட்டைமாடி மழைநீரைப் பாதாளச் சாக்கடையில் விடுவதும் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் ஆளிறங்கு குழிகள் பொங்கித் தெருவில் வழிவதற்கு அது ஒரு பெரிய காரணம். மழைநீருக்கு அதன் வழி, கழிவுநீருக்கு அதன் வழி.

"சென்னையில் பாதாளச் சாக்கடை இருக்கிறதே, அங்கே மனிதர்கள் இறக்கவில்லையா?" என்று எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் மடக்கினார். இறக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால், தெருவில் உள்ள குழாய்க்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. இயந்திரம் வாங்கு என்று அவரைக் கேட்கலாம், வழக்குப் போடலாம். பத்தாயிரம் வீட்டுக் கொல்லையில் உள்ள பத்தாயிரம் குழிக்கு யாரைக் கேட்பது? 1910இல் சென்னைக்குச் சாக்கடை வகுத்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள், ஐம்பது ஆண்டுக்குப் பின் 1961இல் 6.6 இலட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்தார்கள். 1961 கணக்கெடுப்பிலோ 17 இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். கணிப்புப் பிழைத்தது. ஆயினும் ஐம்பது ஆண்டுக்கு முன்னே பார்க்கவேனும் ஒருவர் முனைந்தார். நம் வட்டாரத்தில் மனைப் பிரிவுக்கு இசைவு தரும்போது ஐந்து ஆண்டாவது முன்னே பார்க்கிறோமா? எல்லா ஊருக்கும் பெரிய குழாய்தான் வேண்டும் என்பதும் என் வாதமன்று. வீடுகள் தள்ளித் தள்ளி உள்ள சிற்றூரில் இரட்டைக் குழிக் கழிப்பறையே போதும், செலவும் குறைவு. ஆனால், ஒரகடம், வல்லம், மாம்பாக்கம் எல்லாம் இன்னும் சிற்றூர் என்று ஊராட்சிப் பதிவேடு மட்டுமே நம்புகிறது.

சிங்கப்பூரில் 1987 வரையில்கூட வாளியில் மலம் அள்ளும் வழக்கம் சில இடங்களில் மிஞ்சியிருந்தது. அதே நாடு 2003இல் கழிவுநீரைத் தூய்மை செய்து பருகும் நீராக்கித் தன் மக்களுக்குத் தந்தது. இடையில் பதினாறே ஆண்டுகள்.

செலவை யார் ஏற்பது என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவர் அந்த ஊரில் இருப்பதில்லை. இருப்பவருக்கோ தொட்டியை மாற்றும் உரிமை இல்லை. தொட்டி வழிந்தால் அறையைக் காலி செய்து வேறு அறைக்குப் போவார்; அங்கும் அதே தொட்டி. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சாகிப்போனதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தபோதுதான் தங்குமிடங்கள் எப்படி இருக்கின்றன என்று நாடே திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. நல்ல முயற்சி, வரவேற்கிறேன். ஆனால், அதில் இடம் பெறாதவர்கள் இன்னும் வரிசை அறைகளில்தான் இருக்கிறார்கள். பத்து அறைக்கு மேல் வாடகைக்கு விடுகிறவர், சாக்கடை இணைப்போ முறையான சுத்திகரிப்போ இல்லாமல் ஒரு படுக்கைகூட வாடகைக்கு விடக் கூடாது என்று ஆக்க வேண்டும். ஆலைகளும் தம் மதிற்சுவரோடு பொறுப்பு முடிந்ததாகக் கருதக் கூடாது. சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கு மேசை நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள், தெருவுக்குக் குழாய் கொடுத்தால் படம் நன்றாக வராது என்று அஞ்சுகிறார்கள் போலும்!

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அடுத்த முறை அதில் இதைப் பேச நம்மிடம் கணக்கு வேண்டும். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் கோயில் வளாகத்தைப் பெருக்குகிறோம், மரக்கன்று நடுகிறோம். இவ்வாண்டு முகாமில், தேர்ந்தெடுத்த ஓர் ஊராட்சியில் வீடு வீடாகப் போய் நான்கே கேள்விகள் கேட்கலாம் என்று திட்ட அலுவலரான பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். இந்த வீட்டில் எத்தனை பேர்? தொட்டிக்கு அடித்தளம் உண்டா? கடைசியாக லாரி வந்தது எப்போது? கிணற்றுக்கும் தொட்டிக்கும் எத்தனை அடி? அளவு நாடாக்களுக்கு இயற்பியல் துறையில் சொல்லி வைத்திருக்கிறேன். வருவோர் துறைத் தலைவர் அறைக்கு வெளியே ஒட்டியுள்ள தாளில் பெயர் எழுதலாம். யாரும் மூடியைத் திறக்க வேண்டியதில்லை, திறக்கவும் கூடாது.